நீல் யங்: ஒரே ஆளுக்கு ஏன் இத்தனை கட்சி?

நீங்கள் கேட்டிருந்தது சுருக்கமாக இதுதான்: ராக் பாடகர் நீல் யங்கின் 'ஹார்வெஸ்ட்' ஆல்பத்தைக் கேட்டேன், ரொம்பப் பிடித்துவிட்டது. எல்லோரும் புகழ்கிறார்களே என்று அடுத்து 'டுநைட்ஸ் தி நைட்' போட்டேன். சுருதி சேரவில்லை, குரல் பிசிறடிக்கிறது, குடித்துவிட்டுப் பாடியது மாதிரி இருக்கிறது. ஆனால் நீல் யங் ரசிகர்களில் பலர் அதுதான் உச்சம் என்கிறார்கள், 'ஹார்வெஸ்ட்' பிடிக்கும் என்று சொன்னால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். என் காதில்தான் கோளாறா?

உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. அந்த ஆல்பத்தில் சுருதி சில இடங்களில் விலகுவது உண்மை, குரல் உடைவது உண்மை, வாசித்தவர்கள் டெக்கீலா குடித்திருந்ததும் உண்மை. அதெல்லாம் தெரிந்தேதான் அவர் வெளியிட்டார், அதுவும் இரண்டு வருடம் கையில் வைத்திருந்து யோசித்த பிறகு. சண்டையே அதைப் பற்றித்தான்.

பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. நீல் யங்கில் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவர் ஹார்மோனிகாவும் மரக் கிட்டாருமாக உட்கார்ந்து பாடும் மென்மையான ஆள், இன்னொருவர் கிரேஸி ஹார்ஸ் குழுவோடு எலெக்ட்ரிக் கிட்டாரை அலறவிடும் ஆள், ரசிகர்கள் அதற்கேற்ப இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள் என்பார்கள். நானும் பல வருடம் இதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் எனக்குத் தெரிந்த நீல் யங் பைத்தியங்களை எடுத்துக்கொண்டால் இந்தக் கணக்கு சரியாக வரவே இல்லை. எலெக்ட்ரிக் கிட்டார் அலறும் 'டவுன் பை தி ரிவர்' பாட்டின் ஒன்பது நிமிடத்தையும் கண்ணை மூடிக் கேட்பவர் 'ஆன் தி பீச்' சத்தமே இல்லாத ஆல்பமாக இருந்தும் அதற்காக உயிரை விடுவார். 'ஹார்வெஸ்ட் மூன்' மட்டும் போதும் என்பவருக்கு, அதே மரக் கிட்டாரும் ஹார்மோனிகாவுமாக வரும் 'ஆம்புலன்ஸ் ப்ளூஸ்' எரிச்சலாக இருக்கும். ஆகவே கிட்டாரில் கரண்ட் ஓடுகிறதா இல்லையா என்பது இங்கே விஷயமாகப்படவில்லை. ஒரு ஆல்பம் என்றால் அது செதுக்கி முடித்த பொருளாக இருக்க வேண்டுமா, அல்லது அன்றைக்கு அந்த அறையில் நடந்தது அப்படியே பதிவானால் போதுமா? இதில் நீங்கள் எந்தப் பக்கம் என்பதை வைத்துத்தான் நீல் யங்கோடு உங்கள் உறவே அமையும்.

அவர் எந்தப் பக்கம் என்பதை 1969லேயே முடிவு செய்துவிட்டார். அவருடைய முதல் தனி ஆல்பம் கொஞ்சம் கொஞ்சமாக, ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிகளை அடுக்கிச் செய்தது. போதாததற்கு அப்போது புதிதாக வந்த ஒரு தொழில்நுட்பத்தில் போட்டு எடுத்ததில் அவர் குரல் பின்னால் போய் அமுங்கிவிட்டது, பிறகு மறுபடியும் மிக்ஸ் செய்து இன்னொரு முறை வெளியிட வேண்டியதாயிற்று. குரலைப் பற்றி ஏற்கெனவே அவருக்கு ஒரு வருத்தம் இருந்திருக்கும். அதற்கு முன் இருந்த பஃபலோ ஸ்ப்ரிங்ஃபீல்ட் குழுவின் முதல் ஆல்பத்தில் இவர் எழுதிய பாட்டுகளில் சிலவற்றை ரிச்சி ஃப்யூரேயைப் பாட வைத்தார்கள், காரணம் இவர் குரல் விசித்திரமாக இருக்கிறது என்பதுதான். அப்படிப்பட்டவர், தன் சொந்த ஆல்பத்திலும் தன் குரல் அமுங்கிப்போனதும் ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் எல்லோரும் ஒன்றாக ஒரே அறையில் நின்று வாசிப்போம், பாட்டும் அப்போதே பாடப்படும், அவ்வளவுதான். டேவிட் பிரிக்ஸ் என்ற தயாரிப்பாளர், டேனி விட்டன், பில்லி டால்பட், ரால்ஃப் மொலினா என்ற மூன்று பேர் (கிரேஸி ஹார்ஸ் என்பது இந்த மூவர்தான்), இவர்களோடு அதே 1969ல் வந்ததுதான் 'எவ்ரிபடி நோஸ் திஸ் இஸ் நோவேர்'.

அதில் 'சின்னமன் கேர்ள்' பாட்டைக் கேளுங்கள். காய்ச்சலில் படுத்திருந்தபோது ஒரே நாளில் எழுதிய மூன்று பாட்டுகளில் ஒன்று. கிட்டாரின் மேல்தந்தி, கீழ்த்தந்தி இரண்டையும் ஒரு படி இறக்கிச் சுருதி சேர்த்திருப்பார், அதனால் அடியில் ஒரு கனமான ரீங்காரம் வரும். கடைசியில் கிட்டார் தனித்து முன்னால் வரும் சோலோ வருகிறது. ஒரே ஸ்வரம். திரும்பத் திரும்ப அதே ஒரு ஸ்வரம், கை மட்டும் வேகமாக அசைகிறது, ஸ்வரம் நகரவே இல்லை. ஆனால் கீழே கோர்ட், அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு, மாற மாற அந்த ஒரு ஸ்வரத்தின் நிறம் மாறிக்கொண்டே போகும். கிட்டார் நன்றாக வாசிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "இதற்கு எதுக்கு சோலோ என்று பேர்?" என்று கேட்டார். இன்னொருவர், கிட்டார் தொட்டே பார்க்காதவர், அந்த இடம் வரும்போதெல்லாம் சத்தத்தைக் கூட்டி வைப்பார். இருவரும் சொன்னது நியாயம்தான். கை வித்தையை எதிர்பார்த்துப் போனால் இங்கே ஒன்றும் இல்லை, ஒரு மனுஷன் விடாப்பிடியாக ஒரே இடத்தில் நிற்பதைக் கேட்கத் தயார் என்றால் எல்லாமே இருக்கிறது.

கிரேஸி ஹார்ஸைப் பற்றிய தகராறும் இதே வகைதான். கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் ஆகியோருடன் நீல் யங் பாடிக்கொண்டிருந்த காலத்தில், அந்த மூவரும் குரல்களைக் கண்ணாடி மாதிரி துடைத்துப் பளபளக்க வைப்பவர்கள். டேவிட் கிராஸ்பி, கிரேஸி ஹார்ஸ்காரர்களுக்கு வாசிக்கவே தெரியாது என்று வெளிப்படையாகவே சொன்னவர். அவர் சொன்னதில் தவறில்லை, மொலினாவின் தாளம் சில இடங்களில் சற்றுப் பின்னால் இழுக்கும், டால்பட் பேஸ் கிட்டாரில் இரண்டு மூன்று ஸ்வரங்களுக்கு மேல் போகமாட்டார். ஆனால் அப்படி அகலமாக, அவசரமில்லாமல் அவர்கள் போட்டுக் கொடுக்கும் தரையில்தான் நீல் யங்கின் கிட்டார் இஷ்டத்துக்கு நடக்க முடிகிறது. கெட்டிக்கார வாசிப்பாளர்கள் பின்னால் இருந்தால் இவரும் ஒழுங்காக வாசித்துவிடுவார். அந்த ஒழுங்கு வந்த ஆல்பங்களை அவருடைய தீவிர ரசிகர்கள் பெரிதாகப் பேசுவதில்லை என்பதையும் கவனியுங்கள்.

சரி, உங்களுக்குப் பிடித்த 'ஹார்வெஸ்ட்' விஷயத்துக்கு வருகிறேன். இதைத் தாழ்த்திப் பேசுபவர்கள்மேல் எனக்குக் கோபமே உண்டு. 1972ல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற ஆல்பம் அது, அதில் உள்ள 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' மட்டும்தான் இன்றுவரை அவருக்கு அங்கே முதலிடம் பிடித்த ஒரே பாட்டு. இப்படி எல்லோருக்கும் பிடித்த ஒன்றைத் தனக்கும் பிடிக்கும் என்று சொன்னால் தன் ரசனைக்குக் குறைவு என்று நினைக்கும் கூட்டம் எல்லா ஊரிலும் உண்டு. வெளிவந்தபோதே ரோலிங் ஸ்டோன் பத்திரிகை அதை நன்றாகக் குறை சொல்லித்தான் எழுதியது. 1970ல் வந்த 'ஆஃப்டர் தி கோல்ட் ரஷ்'ஷுக்கும் அதே பத்திரிகை அதே மரியாதையைத்தான் கொடுத்தது, அந்த ஆல்பத்தைத்தான் பிற்காலத்தில் அதே பத்திரிகை காலத்தை வென்ற பட்டியல்களில் சேர்த்தது. விமர்சகர்களின் முதல் தீர்ப்பை இந்த மனிதர் விஷயத்தில் நம்ப வேண்டியதில்லை.

ஆனால் 'ஹார்வெஸ்ட்' இழைத்துச் செய்த வழவழப்பான பொருள் என்று இரண்டு தரப்புமே நினைக்கிறார்கள், அங்கேதான் தப்பு. கன்ட்ரி பாடகர் ஜானி கேஷின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடுவதற்காக 1971 பிப்ரவரியில் நாஷ்வில் போனார் நீல் யங். எலியட் மேஸர் என்பவர் தன் ஸ்டூடியோவுக்கு வரச் சொன்னார். ஊரில் கையில் கிடைத்த வாத்தியக்காரர்களைத் திரட்டினார்கள், டிரம்ஸுக்குக் கென்னி பட்ரி, பேஸுக்கு டிம் ட்ரம்மண்ட், பெடல் ஸ்டீல் கிட்டாருக்கு பென் கீத். அதே நிகழ்ச்சிக்கு வந்திருந்த லிண்டா ரான்ஸ்டாடும் ஜேம்ஸ் டெய்லரும் கூடவே வந்து பின்குரல் பாடினார்கள், 'ஓல்ட் மேன்' பாட்டில் பான்ஜோ வாசித்தது ஜேம்ஸ் டெய்லர்தான். திட்டம் போட்டுச் செய்தது ஒன்றுமில்லை. அந்த மென்மைக்குக்கூட ஒரு சாதாரணக் காரணம் உண்டு: முதுகில் டிஸ்க் விலகி, இடுப்புப் பட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம் அது, கனமான எலெக்ட்ரிக் கிட்டாரைத் தோளில் மாட்டி நிற்க முடியாது. ஆக, 'ஹார்வெஸ்ட்'டும் அன்றைக்கு அந்த அறையில் நடந்ததுதான், அன்றைக்கு நடந்தது அழகாக இருந்தது, அவ்வளவே. (லண்டன் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவை வைத்துச் செய்த இரண்டு பாட்டுகளை மட்டும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. 'எ மேன் நீட்ஸ் எ மெய்ட்' எனக்கு அவர் தனியாகப் பியானோவில் பாடும்போதுதான் பிடிக்கிறது, இவ்வளவு வயலின்களின் நடுவில் அந்தப் பாட்டின் கூச்சம் காணாமல் போகிறது.)

அடுத்து நடந்ததைத் தெரிந்துகொள்ளாமல் நீங்கள் கேட்ட இரண்டாவது ஆல்பத்தைப் புரிந்துகொள்வது கஷ்டம். டேனி விட்டன் என்று ஒருவரைச் சொன்னேன் அல்லவா, 'சின்னமன் கேர்ள்' பாட்டில் மேல்குரல் அவருடையதுதான். நல்ல பாடகர், நல்ல பாட்டெழுதுபவர். ஹெராயின் அவரைப் பிடித்துக்கொண்டது. 1972 இலையுதிர்காலத்தில், பெரிய சுற்றுப்பயணத்துக்கான ஒத்திகைக்கு நீல் யங் அவரை அழைத்தார், இந்த வேலை அவரைக் காப்பாற்றும் என்று நினைத்து. விட்டனால் பாட்டின் வரிசையைக்கூட நினைவில் வைக்க முடியவில்லை. நவம்பர் 18 அன்று கையில் ஐம்பது டாலரும் விமான டிக்கெட்டும் கொடுத்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிரவே விட்டன் இறந்துபோனார். வயது 29. அடுத்த வருடம், மேடைக்குச் சாமான்கள் ஏற்றி இறக்கும் வேலையில் இருந்த ப்ரூஸ் பெரி என்ற இளைஞரும் போதையில் போனார்.

விட்டனின் சாவைச் சுமந்துகொண்டுதான் நீல் யங் 1973 தொடக்கத்தில் பெரிய அரங்குகளுக்குப் போனார். டிக்கெட் வாங்கியவர்கள் எல்லோரும் 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' கேட்க வந்தவர்கள். மேடையில் இருப்பவரோ தொண்டை கட்டிப்போய், யாரும் கேட்டிராத புதுப் பாட்டுகளைக் கத்திக்கொண்டிருக்கிறார், குழுவுக்குள் சம்பளத் தகராறு வேறு. அந்தப் பயணத்தின் பதிவுதான் 'டைம் ஃபேட்ஸ் அவே'. தன் ஆல்பங்களிலேயே மோசமானது இதுதான் என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார், பல பத்தாண்டுகள் சிடியாகக்கூட வெளியிட விடவில்லை. அப்படி இருந்தும் பழைய இசைத்தட்டைத் தேடிப் பிடித்து, பிரதி எடுத்துப் பகிர்ந்துகொண்டவர்கள் இருந்தார்கள். 'ஆன் தி பீச்' விஷயமும் அப்படித்தான், 1974ல் வந்தது, சிடியாக வர 2003 ஆயிற்று, அதற்காக ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டுக் கேட்டார்கள். கிடைக்காத பொருளுக்குக் கூடுதல் மவுசு வருவது இயற்கைதான், 'டைம் ஃபேட்ஸ் அவே'யின் புகழில் ஒரு பங்கு அதனால் வந்தது என்று எனக்குத் தோன்றும். 'ஆன் தி பீச்' அப்படி இல்லை. இரண்டாம் பக்கத்தில் இருப்பது மூன்றே பாட்டுகள், எல்லாம் மெதுவாக நகரும், இறுதிக்கலவை செய்யாமல் முதலில் போட்ட கரடுமுரடான மிக்ஸையே வெளியிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அவர் செய்ததிலேயே சிறந்தது எது என்று என்னை ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

1977ல் தன் பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டபோது 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' பற்றி அவரே ஒரு குறிப்பு எழுதினார். இந்தப் பாட்டு என்னை எல்லோரும் போகும் நடுரோட்டுக்குக் கொண்டுவந்து விட்டது, அதில் போய்ப் போய் அலுத்துவிட்டது, அதனால் ஓரத்துப் பள்ளத்தில் வண்டியை இறக்கினேன், பயணம் கரடுமுரடுதான், ஆனால் அங்கே சந்தித்த மனிதர்கள் சுவாரசியமானவர்கள் என்ற பொருளில் இருக்கும். அதிலிருந்துதான் 'டைம் ஃபேட்ஸ் அவே', 'ஆன் தி பீச்', 'டுநைட்ஸ் தி நைட்' மூன்றுக்கும் பள்ளத்து ஆல்பங்கள் என்ற பெயர் நிலைத்தது. இந்த ஒரு குறிப்பு ரசிகர்களைப் பிரித்த அளவுக்கு எந்தப் பாட்டும் பிரித்திருக்காது. அவரே நடுரோட்டை அலுத்துவிட்டது என்கிறாரே, அப்புறம் நீ என்ன அதையே கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று கேட்க ஒரு கட்சிக்குக் கையில் கட்டளைக்கல் கிடைத்தது மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அதே மனிதர் 1992ல் நாஷ்வில் ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டு, லிண்டா ரான்ஸ்டாடையும் ஜேம்ஸ் டெய்லரையும் மறுபடி பாட வைத்து, 'ஹார்வெஸ்ட் மூன்' செய்தார். அலுத்தவர் திரும்பி வரமாட்டார்.

எண்பதுகளைக் கொஞ்சம் வேகமாகக் கடக்கலாம், ஏனென்றால் அதில் பெரும்பகுதி நிஜமாகவே சுமார் ரகம். ஒன்றை மட்டும் விட முடியாது. 1982 இறுதியில் 'ட்ரான்ஸ்' வந்தது. ஒன்பது பாட்டில் ஆறில் குரலை வொகோடர் என்ற கருவிக்குள் விட்டு எடுத்திருந்தார், ரோபோ பாடுவது மாதிரி இருக்கும், சொற்கள் புரியாது. பழைய ரசிகர்கள் திகைத்துப்போனார்கள். அவருடைய இசைத்தட்டு நிறுவனமான கெஃபன் அதற்கு அடுத்து ராக் அண்ட் ரோல் ஆல்பம் கேட்டபோது, ஐம்பதுகளின் பாணியில் 25 நிமிட ஆல்பம் ஒன்றைச் செய்து கொடுத்தார். நிறுவனம் 1983ல் வழக்கே போட்டது, 33 லட்சம் டாலர் கேட்டு. குற்றச்சாட்டு என்ன தெரியுமா, அவருடைய முந்தைய ஆல்பங்கள் மாதிரி இல்லை என்பது! உலகத்தில் நீல் யங் ரசிகர்கள் பாதிப் பேரின் மனக்குறையை ஒரு நிறுவனம் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்துவிட்டது. பிறகு சமாதானமாகப் போனார்கள், டேவிட் கெஃபன் மன்னிப்பும் கேட்டார்.

'ட்ரான்ஸ்' பற்றி என் கருத்து இரண்டு முறை மாறியிருக்கிறது. முதலில் கேட்டபோது பாதியில் நிறுத்திவிட்டேன். பல வருடம் கழித்துத்தான் பின்கதை தெரிந்தது. 1978ல் பிறந்த அவருடைய மகன் பென்னுக்குப் பெருமூளை வாதம், பேச முடியாது. அந்தக் குழந்தைக்குத் திரும்பத் திரும்ப ஒரே பயிற்சியைச் செய்ய வைக்கும் சிகிச்சையில் பெற்றோர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த காலத்தில் செய்த ஆல்பம் இது. நான் பாடுவது உங்களுக்குப் புரியவில்லை, என் மகன் சொல்வது எனக்குப் புரியவில்லை, அதைத்தான் செய்தேன் என்று அவர் பிற்காலத்தில் விளக்கினார். 'ட்ரான்ஸ்ஃபார்மர் மேன்' அந்தப் பிள்ளைக்கான பாட்டு. 1993ல் எம்டிவிக்காக அதே பாட்டை வொகோடர் இல்லாமல் மரக் கிட்டாரில் பாடினார், சொல் சொல்லாகப் புரியும், தாலாட்டு மாதிரி இருக்கும். அதைக் கேட்டுவிட்டு வொகோடர் பதிவுக்குத் திரும்பிப் போங்கள், அந்த இயந்திரக் குரலுக்குள் யாரோ வெளியே வர முட்டுவது கேட்கும். ஆனாலும், பின்கதை தெரிந்தால்தான் பிடிக்கும் ஆல்பம் முழு வெற்றியா என்று ஒருவர் கேட்டால் அந்தக் கேள்வியையும் நான் மதிக்கிறேன். எனக்கு அந்த ஒரு பாட்டு மட்டும் போதும், மற்றவற்றை நான் திரும்பப் போடுவதில்லை.

அரசியல் இன்னொரு பெரிய பிளவு. 1970 மே 4 அன்று ஒஹாயோ மாநிலத்தின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் போர் எதிர்ப்புப் போராட்டத்தின்போது நான்கு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அந்த மாதமே 'ஒஹாயோ' எழுதிப் பதிவாகிவிட்டது, ஜூனில் கடைக்கு வந்தது. அந்த வேகம் இன்றும் சிலிர்க்க வைக்கும். அதே வேகம் காலை வாரிவிடவும் செய்யும். அமெரிக்கத் தென்மாநிலங்களைக் கண்டித்து எழுதிய 'அலபாமா' பாட்டைப் பற்றி அவரே தன் வாழ்க்கை நூலில், அதன் வரிகள் குற்றம் சாட்டும் தொனியில், மேலிருந்து பேசுவது போல இருக்கின்றன, தென்மாநிலத்து லின்யர்ட் ஸ்கின்யர்ட் குழு பாட்டிலேயே திருப்பிக் கொடுத்தது எனக்குத் தகும் என்று ஒப்புக்கொண்டார். 2006ல் ஈராக் போருக்கு எதிராக 'லிவிங் வித் வார்' ஆல்பத்தைச் சில நாட்களிலேயே முடித்து வெளியிட்டார். அந்த வருடம் பழைய கூட்டாளிகள் மூவருடன் சுற்றுப்பயணம் போனபோது அட்லாண்டாவில், ஜனாதிபதியைப் பதவி நீக்கக் கோரும் பாட்டு வந்ததும் கூச்சல் போட்டுப் பலர் எழுந்து போனார்கள், ஆவணப்படத்தில் பார்க்கலாம். கோபமாக வெளியேறிய அந்த முகங்களைப் பார்க்கும்போது அவர்களும் பல வருட ரசிகர்கள் என்பது தெரியும், அவர்கள் மனசு நிஜமாகவே புண்பட்டிருந்தது. என் அபிப்பிராயம்: 'ஒஹாயோ' காலத்துக்கும் நிற்கும், 'லிவிங் வித் வார்' அந்த வருடத்தோடு போய்விட்டது. இரண்டுமே ஒரே அவசரத்தில் பிறந்தவைதான்.

எதைச் செய்தாலும் ஆஹா என்று சொல்லும் பக்தர்களோடும் எனக்கு ஒத்துப்போவதில்லை. 'ஆர்க்' என்று 1991ல் ஒன்று வந்தது, கச்சேரிகளில் பாட்டின் முதலிலும் முடிவிலும் எழுந்த கிட்டார் இரைச்சலை மட்டும் ஒட்டி 35 நிமிடம். கேட்டேன், ஒரு தடவை போதும். 'சைக்கடெலிக் பில்' ஆல்பத்தின் முதல் பாட்டு 27 நிமிடத்துக்கு மேல் ஓடும், அதில் நடுவில் வரும் பத்து நிமிடம் அற்புதம், மீதியை வெட்டியிருக்கலாம். வெட்டமாட்டார். வெட்டுபவராக இருந்திருந்தால் 'டுநைட்ஸ் தி நைட்' நமக்குக் கிடைத்திருக்காது என்பதால் இந்த விஷயத்தில் நான் புகார் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

சரி, அந்த ஆல்பத்துக்கே திரும்புவோம். 1973 ஆகஸ்ட், செப்டம்பரில், ஹாலிவுட்டில் ஒரு ஒத்திகைக் கூடத்தில், விட்டன் இல்லாத கிரேஸி ஹார்ஸும் பென் கீத்தும் நில்ஸ் லாஃப்கிரனுமாக ராத்திரி நேரங்களில் கூடி எடுத்தது. இறந்த இரண்டு நண்பர்களுக்கான ஈமச்சடங்கு என்றே சொல்லலாம். அப்போது வெளிவரவில்லை. 1975ல் 'ஹோம்குரோன்' என்ற இனிமையான ஆல்பம் ஒன்று தயாராக இருந்தது, நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினார், அதே டேப்பில் அடுத்ததாக இதுவும் இருந்தது. தி பேண்ட் குழுவின் ரிக் டாங்கோ இதைக் கேட்டுவிட்டு, இதைத்தான் வெளியிட வேண்டும் என்றார். நீல் யங்கும் தயாராக இருந்த இனிமையானதைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு இதை வெளியிட்டார். 'ஹோம்குரோன்' கடைசியில் 2020ல்தான் வந்தது. உங்களுக்கு அது நிச்சயம் பிடிக்கும், 'ஹார்வெஸ்ட்' கேட்ட மனசுக்கு அடுத்த படி அதுவாக இருக்கட்டும், பிறகு 'ஆஃப்டர் தி கோல்ட் ரஷ்', பிறகு 'ஜூமா'.

'டுநைட்ஸ் தி நைட்'டை மறுபடி முழுசாகக் கேட்க வேண்டாம். இப்படிச் செய்து பாருங்கள். முதலில் உங்கள் 'ஹார்வெஸ்ட்'டிலேயே கடைசிக்கு முந்தைய பாட்டைப் போடுங்கள், 'தி நீடில் அண்ட் தி டேமேஜ் டன்'. இரண்டு நிமிடம், மேடையில் தனியாக ஒரு கிட்டாரோடு பாடியது. ஊசிக்கு ஆட்பட்டவர்களைப் பற்றிய பாட்டு, அதை எழுத வைத்தவர் டேனி விட்டன், பாடியபோது அவர் உயிரோடு இருக்கிறார். கைதட்டல் முடிவதற்குள் அடுத்த பாட்டு சடாரென்று வெட்டிக்கொண்டு வரும், அங்கே நிறுத்திவிட்டு 'டுநைட்ஸ் தி நைட்'டின் நாலாவது பாட்டுக்கு வாருங்கள். பியானோவில் தனியாக உட்கார்ந்து, இந்த மெட்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவிடமிருந்து எடுத்தது, சொந்தமாக ஒன்று போட எனக்குத் தெம்பில்லை என்று பாட்டுக்குள்ளேயே சொல்லிவிடுகிறார். அது முடிந்ததும் திடீரென்று கூட்டத்தின் சத்தம், துள்ளலான ஒரு ராக் பாட்டு, வேறொருவர் முன்குரல் பாடுகிறார். 1970ல் நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் எடுத்த பழைய பதிவு அது. பாடுவது டேனி விட்டன். டவுன்டவுன் போய்ப் போதைமருந்து வாங்கலாம் வா என்று உற்சாகமாகப் பாடுகிறார், நீல் யங் பக்கத்தில் சேர்ந்து பாடுகிறார். அது முடிகிறது, அடுத்த பாட்டில் நீல் யங் மறுபடி 1973ல், அந்த ஒத்திகைக் கூடத்தில். உயரத்தில் ஒரு ஸ்வரத்தை எட்டப் பார்க்கிறார், குரல் உடைகிறது, நிறுத்தாமல் அப்படியே பாடிக்கொண்டு போகிறார். இந்த நான்கு பாட்டையும் இதே வரிசையில் ஒரு தடவை கேட்டுவிட்டு எழுதுங்கள், அப்போதும் பிடிக்கவில்லை என்றால் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.